ஞானம் எடை பார்த்து எடுத்த காற்றுப் பாய்

செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரே ஒரு அம்மாள். மெஷினில் அவள் விரல் பதியவே மாட்டேன் என்றது. கடைக்காரர் "துடைச்சிட்டு வைமா, அழுத்தாத வைமா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஞானத்தின் மகன் ஜோசப். "பெரிம்மா, அம்மா பூட்டாங்க" என்றான். நான் வரிசையை விட்டு நகரவில்லை. என் முறை வந்ததும் விரலை வைத்து, சர்க்கரையும் பாமாயிலும் வாங்கி, பையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் பேசினார்களாம். பேசியது யார் என்றும் எனக்குத் தெரியும். பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தால் ஞானமே எழுந்து உட்கார்ந்து கேட்டிருப்பாள்: "சக்கரைய விட்டுட்டா வந்த, அறிவு கெட்டவளே?"

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடப் போகிறோம், நீங்கள்தான் அவளோடு அதிகம் நடந்தவர், நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்கு வராது. நடந்ததைத்தான் எழுத வரும். மலரில் இடம் போதாது என்றால் யார் படத்தையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி பிறந்ததும் காஞ்சிபுரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற நம் பெண்கள் கூட்டத்தை ஆரம்பித்தவள் ஞானம். மற்ற ஊர்க் கூட்டங்களுக்குப் பின்னால் ஒரு வேன் வரும். அரிசி மூட்டை, பெட்டி, படுக்கை எல்லாம் அதில் வரும். நம் கூட்டத்தில் வேன் கிடையாது. அவரவர் மூட்டை அவரவர் தோளில். ஒருத்தி மூட்டையை இன்னொருத்தி தொடக் கூடாது. முடியாதவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். இந்த இரண்டும்தான் சட்டம். ஞானம் போட்டது. கோயிலில் அழுதவர்கள், கூட்டத்தை விட்டு விலகியவர்கள், சாமியாரிடம் புகார் சொன்னவர்கள் எல்லோரும் இதைப் படிக்கிறீர்கள். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

அந்தச் சட்டத்துக்கு முதலில் பலியானவள் நான்தான். நான் பொட்டு வைத்துக்கொண்டு நடக்கிறவள், பெருமாள் கோயில் பக்கத்துக்காரி. என் மகளுக்குக் கரு தங்காமல் போய்க்கொண்டிருந்தது. இந்த முறை தங்கினால் மாதாவிடம் நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தங்கியது. நடந்தேன். திண்டிவனம் போவதற்குள் காய்ச்சல் அடித்தது. காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என்னிடம் ஞானம் வந்து நெற்றியைத் தொட்டாள். என் மூட்டையை என்னிடமே எடுத்துக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். நான் அழுதேன். "வேண்டுதல்டி, ஞானம். புள்ளைக்காக" என்றேன். "மாதா எங்கியும் ஓடிட மாட்டா. அடுத்த வருஷமும் அங்கியேதான் இருப்பா. நீ இருந்தியானா வா" என்றாள். பஸ் கிளம்பும் வரை கூட நிற்கவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, இப்போது காலேஜ் படிக்கிறது. அது வேறு. ஜன்னலோரம் உட்கார வைத்தது வேறு.

ஞானம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடும் வேலையில் தலை நரைத்தவள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், கரையைப் பார்ப்பார்கள். ஞானம் புடவையை மடித்தபடியே அவர்கள் இரண்டு கையிலும் வைப்பாள். "கையில வாங்கிப் பாருங்கமா. பட்டுன்னா கை எறங்கணும்" என்பாள். கை இறங்கினால் பட்டும் ஜரிகையும் உள்ளபடி இருக்கிறது, இறங்காவிட்டால் எவனோ எங்கேயோ குறைத்திருக்கிறான். இந்த ஊரில் இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாம். பாலோடு சேர்த்துக் குடித்தது. ஆனால் ஞானம் எல்லாவற்றையும் அப்படியே எடை போட்டாள். கத்திரிக்காய், செருப்பு, மருமகளாக வரப்போகிற பெண்ணின் குரல் எல்லாம். "கை எறங்கல" என்று அவள் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் காலத்தில் நாம் எதில் படுத்தோம் என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய பிளெக்ஸ் பேனரில்தான். எடை கிடையாது, ஈரம் ஏறாது, முள் குத்தாது. பிறந்தநாள் வாழ்த்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று கிடைத்ததை வெட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவோம். எல்லாக் கட்சித் தலைவர்கள் முகத்தின் மேலும் நாம் படுத்திருக்கிறோம். "ஓட்டுக்கு வந்தவன் ஒருத்தனாவது முதுகுக்கு ஆவுறானே" என்பாள் ஞானம். மேலே ஒரு பழைய புடவை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்துச் சிமெண்டில் மழை பெய்த இரவு படுத்தால் காலையில் இடுப்பு நம்முடையதாக இருக்காது. வயது ஏற ஏற, அந்த இடுப்பு முழங்காலுக்குச் சொல்லி, முழங்கால் பாதத்துக்குச் சொல்லும்.

ஞானத்துக்கு இடுப்பு போனது. எழுந்து நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகுதான் நிமிர்வாள். இனிமேல் தரையில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். "கட்டில தூக்கிக்கினு நடக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வெளியே சிரித்தாள். ஆனால் அந்த வருஷம் நடக்க முடியாமல் போனால் அதற்குப் பிறகு என்றுமே முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் இல்லாவிட்டால் மறு வருஷமே வேன் வந்துவிடும் என்பதும் தெரியும். நம் கூட்டத்து ரோசியின் அக்கா மகள் லீவு விட்டால் மலை ஏறப் போகிறவள். அவள்தான், ஊதினால் மெத்தையாகி, காற்றைப் பிடுங்கினால் தண்ணீர் பாட்டில் அளவுக்குச் சுருண்டுவிடுகிற பாய் இருக்கிறது என்று சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் சென்னைக்குப் பஸ் ஏறினோம்.

அது பெரிய கடை. கூடாரம், கயிறு, முதுகுப் பை என்று அடுக்கியிருந்தார்கள். விற்கிற பெண் எங்கள் வயதைப் பார்த்து, "பேரனுக்கா ஆன்ட்டி?" என்றாள்.

"எனக்குதாம்மா. ஏன், பேரனுக்குதான் இடுப்பு இருக்குதா?" என்றாள் ஞானம்.

அந்தப் பெண் இரண்டு பாய்களை விரித்தாள். ஒன்று லேசானது. ஊதினால் விரற்கடை கணக்கில் நன்றாக உப்பியது. உருட்டினால் கைக்குள் அடங்கியது. தொட்டால் புதுப் பட்டு மாதிரி சரசரத்தது. இன்னொன்று உள்ளே பஞ்சு வைத்தது. மூடியைத் திறந்தால் தானே காற்றை இழுத்து உப்பிக்கொண்டது. மெத்தென்று இருந்தது, ஆனால் சுருட்டினால் தலையணை அளவு. "நடக்கறதுக்கு லைட்டா இருக்கறதுதான் நல்லது ஆன்ட்டி. அது கார்ல போறவங்களுக்கு" என்றாள் பெண்.

ஞானம் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இது ஜாக்கெட் பிட்டு மாதிரி இருக்குதே. கை எறங்கல. இதுக்கு வெல கூடவா?"

"ஆமா ஆன்ட்டி. லேசா இருக்கறதால தான் விலை கூட."

"இன்னாமா நியாயம் இது? நாங்க காஞ்சிபுரம். எங்ககிட்ட வெயிட்ட கொறைச்சி வெலய ஏத்தறியா?" கனமானதைத் தூக்கிக் காட்டினாள். "இது பாரு. ரெண்டு முகூர்த்தப் புடவை வெயிட்டு இருக்குது. இதான் சரக்கு."

"ஞானம், இது கட்டிக்கற புடவை இல்லடி, தூக்கிக்கற மூட்டை" என்றேன்.

"சரக்கு சரக்குதான்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கடைத் தரையிலேயே லேசான பாயில் ஒருக்களித்துப் படுத்தேன். சுற்றி இளைஞர்களும் பெண்களும் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒருக்களித்துப் படுத்தால்தான் இடுப்பெலும்பு தரையைத் தொடுகிறதா என்று தெரியும். கையை அடியில் விட்டுப் பார்த்தேன். தொடவில்லை. முழுக்க ஊதினால் பந்து மாதிரி உருட்டிவிடும், படுத்துக்கொண்டே கொஞ்சம் காற்றை விடுங்கள், உடம்பு அமுங்கி நிற்கும் என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தாள். விட்டேன். அமுங்கியது. எழுந்து, "எனக்கு இது" என்றேன். ஞானத்தோடு போட்டிக்காகத்தான் நான் லேசானதை எடுத்தேன் என்று இதைப் படித்துவிட்டுச் சொல்வீர்கள். இல்லை. என் தோளைக் கேட்டு எடுத்தேன். அவள் கையைக் கேட்டு எடுத்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவள் தன் பாயை என் மடியில் வைத்து, "பாரு, எப்பிடி எறங்குது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஆவணியில் நடந்தோம். உத்திரமேரூர் வரை ஞானம் முன்னால் நடந்தாள். அதற்குப் பிறகு நடுவில் நடந்தாள். பிறகு கடைசியில். விடியலில் நாங்கள் இருவரும் பாயில் காற்றைப் பிடுங்கும்போது வருகிற சீறலைக் கேட்டு லோகநாயகி பாம்பு என்று நினைத்துத் தாழ்வாரத்துத் தூணில் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். ஞானமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. படுக்கை நன்றாகத்தான் இருந்தது. இடுப்புக்கு இரவில் கிடைத்த சுகத்தை, பகலெல்லாம் அந்த எடை திரும்ப வாங்கிக்கொண்டது. மூட்டையின் வார் அழுத்தி அவள் தோளில் தோல் உரிந்திருந்தது. காவிப் புடவையின் முந்தானையை மடித்து வாருக்கு அடியில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

திண்டிவனத்தில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், டீக்கடை பெஞ்சில். நடக்க முடியாதவள் பஸ் ஏற வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஞானத்துக்கு அடுத்தபடி சொல்லக்கூடியவள் நான்தான். எதிரே காஞ்சிபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் காலியாகவும் இருந்தது. என்னை உட்கார வைத்த அதே ஊர், அதே பஸ் ஸ்டாண்டு. இவ்வளவு வருஷம் நான் சுமந்து வந்ததை இறக்கி வைக்க மாதாவே இடம் காட்டியது போல இருந்தது.

பஸ் ஏறு என்று நான் சொல்லவில்லை. இரக்கம் என்று எழுதினால் அவளே சிரிப்பாள். அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் எங்கள் கணக்கு நேராகிவிடும். பிறகு அவளைத் திட்ட என்னிடம் என்ன இருக்கும்?

மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஞானம், என் பாயி ராத்திரியெல்லாம் சரசரன்னு சத்தம் போடுது. தூக்கமே வரல. உன்னுத குடு, மாத்திக்கலாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீதானேடி லேசு லேசுன்னு ஆடின?"

"ஆடினேன். இப்ப மெத்துனு வேணும். குடுப்பியா மாட்டியா?"

"என் மூட்டைய நீ தூக்கப் பாக்கற."

"உன் மூட்டைய யாருடி தூக்கறது? மாத்திக்கினப்பறம் அது என்னுது. என் மூட்டைய நான் தூக்கறேன். சட்டத்துல மாத்திக்கக் கூடாதுன்னு இருக்குதா?"

கொஞ்ச நேரம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள். நான் கொடுத்ததைக் கையில் வாங்கினதும் பழக்கதோஷத்தில் ஒரு தரம் எடை பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தாள்.

கடலூர் வரைக்கும் என் தோள் எனக்குச் சொந்தமில்லை. அவள் மறுபடியும் நடுவுக்கு வந்து, சிதம்பரம் தாண்டியதும் முன்னால் போய்விட்டாள். வேளாங்கண்ணி மணலில் கடைசித் தூரத்தை முழங்காலிட்டுக் கடந்தாள். நான் பின்னால் இருந்து பார்த்தேன். அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அன்று சாயங்காலம் ரோசி அந்த லேசான பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, எடையே இல்லியே, யாரு சொல்லி வாங்கினீங்க?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு.

"யாரு சொல்லணும்? நான்தான் பாத்துப் பொறுக்கினேன். இதோ இவ பாரு, வெயிட்டா வாங்கிட்டுத் தூக்க முடியாம தூக்கிக்கினு வரா" என்றாள் ஞானம்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

மறு வருஷத்திலிருந்து கூட்டத்தில் பாதிப் பேர் அதே பாய் வாங்கினீர்கள். அதற்கு ஞானம் பாய் என்று பெயரும் வைத்தீர்கள். எப்படி ஒருக்களித்துப் பார்ப்பது, எவ்வளவு காற்றை விடுவது, அடியில் பிளெக்ஸை எப்படி விரித்தால் முள் ஏறாது என்று ஞானம் ஒவ்வொருத்திக்கும் சொல்லிக் கொடுத்தாள். கடைத் தரையில் படுத்தவள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு ஆவணிகூட அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் எனக்கு முன்னால் நடப்பாள், நான் இரண்டு முகூர்த்தப் புடவை எடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். என் பாயைத் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், பஸ்ஸும் ஏறியிருப்பாள்.

படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். கட்டிலில் மெத்தைக்கு மேல் அந்த லேசான பாயைப் போட்டுப் படுத்திருந்தாள். புரளும்போது சரசரத்தது. மருமகள் கஞ்சி எடுக்க உள்ளே போனதும் கேட்டேன். "ஏண்டி அப்பிடி பொய் சொன்ன?"

எந்தப் பொய் என்று அவள் கேட்கவில்லை.

"உன்னுதுன்னு சொன்னா ஏன் மாத்திக்கினீங்கன்னு கேப்பாளுங்க. என் சொமைய நீ தூக்கினது தெரிஞ்சிடும். அடுத்த வருஷமே ஒருத்தி மூட்டை இன்னொருத்தி தலைல ஏறும். அப்பறம் வேன் வரும். அப்பறம் அது நடையா? ஊர்கோலம்."

"அதுக்கு என் பேர நீ தின்னுட்டியா?"

"தின்னேன். செரிச்சிடுச்சி." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "நீ அன்னிக்கி என்ன பஸ்ல ஏத்தியிருக்கணும். நான் உன்ன ஏத்தினேன் இல்ல?"

"ஏத்தியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?"

"மாட்டேன். பொதைக்கற வரைக்கும் உன்னத் திட்டியிருப்பேன்" என்றாள். அதற்குள் கஞ்சி வந்துவிட்டது. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கத்தன்று கோயிலில் பேசியவர்கள் அவள் தொடங்கிய கூட்டத்தைச் சொன்னார்கள், சட்டத்தைச் சொன்னார்கள். வயதான பெண்களும் நடக்கும்படியாக லேசான பாயைக் கண்டுபிடித்துக் கொடுத்த அறிவைச் சொன்னார்கள். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். மறுநாள் ஜோசப் அந்தப் பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "பெரிம்மா, இது உங்களுதுன்னு அம்மா சொல்லிச்சு. நான் போனப்பறம் குடுன்னு சொல்லிச்சு" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரிந்த மாதிரி இல்லை. நானும் விளக்கவில்லை. அதை லோகநாயகிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் இப்போது இடுப்பு.

இதை எழுதியதால் ஒரு உண்மை வெளியே வந்துவிட்டது. அதனால் சட்டம் தளர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த ஆவணியில் கூட்டத்துக்கு நான்தான் முன்னால் நடக்கப் போகிறேன் என்று நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. கால் ஓய்ந்துவிட்டது, காலையில் எழுந்து நிற்க எனக்கும் சுவர் வேண்டியிருக்கிறது. இருந்தாலும் வருவேன். வேன் கிடையாது. அவரவர் மூட்டை அவரவருக்கு. முடியாதவளைப் பஸ்ஸில் ஏற்றுவேன், ஜன்னலோரம் பார்த்து.

நீங்கள் ஞானம் பாய் என்று சொல்வது நான் எடுத்தது. ஞானம் தன் இரண்டு கையிலும் வாங்கி, கண்ணை மூடி, எடை பார்த்து எடுத்தது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதைத்தான் நான் இந்த வருஷமும் மூட்டையில் கட்டிக்கொண்டு வருவேன். வழியில் என் மூட்டை உங்களில் யாருக்காவது கனமாகத் தெரிந்தால், சத்தம் போடுகிறது, தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள். நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.